ஏற்றத்தில் யாரும் இறங்க வேண்டாம்

ஏப்ரல் 28, திங்கள்

இன்று அம்மாவின் ஜீப் வழுக்குப் பாறை ஏற்றத்தில் பின்னால் உருண்டது. ஒரு முழம்தான் என்கிறாள் அம்மா. ஒச்சம்மா அத்தை இரண்டு ஆள் நீளம் என்கிறாள். இருவருமே கூட்டிக் குறைத்துச் சொல்லக்கூடியவர்கள் என்பதால் நடுவில் ஓர் அளவை வைத்துக்கொண்டேன்.

போடியிலிருந்து விடியும் முன்னே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் நிறைய. அவற்றை ஓட்டுகிற பெண் அம்மா ஒருத்திதான். தார் ரோட்டை விட்டுத் தோட்டத்து மண்பாதை பிரிந்ததும் இந்த ஏற்றம் வருகிறது. பாதி மண், பாதி பாறை. பழைய ஜீப்புகள் எல்லாம் அடிவாரத்தில் நின்றுவிடும். பெண்கள் இறங்கித் தூக்குவாளியோடு மேலே நடப்பார்கள். ஒருத்தி மட்டும் பலாமரக் கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்துக்கு அருகிலேயே நடப்பாள். வண்டி திணறினால் அந்தக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். அம்மாவின் வண்டிக்குக் கட்டை போடுவது ஒச்சம்மா அத்தை. சொந்த அத்தை அல்ல. அடுத்த தெரு.

அம்மாவின் வண்டியில் இன்னொரு கோளாறும் உண்டு. லோ கியர் போட்டு ஏறும்போது அது தானாகக் கழன்றுகொள்ளும். அதனால் இடது கையால் அந்த லிவரை அழுத்திப் பிடித்தபடி வலது கையால் மட்டும் ஸ்டியரிங் திருப்புவாள். இன்று கை நழுவிவிட்டது. வியர்வை என்றாள்.

கட்டை சரியான நேரத்தில் விழுந்தது. அத்தையின் கட்டைவிரல் நகம் போயிற்று. சாயங்காலம் பார்க்கப் போனபோது காலை நீட்டிக் காட்டினாள். "நகந்தான போச்சு. மருதாணி வச்ச மாதிரி இருக்கு பாரு. இன்னொரு காலுக்கும் வச்சாத்தான் எடுப்பா இருக்கும்."

தோட்டத்துச் சூப்பர்வைசர் எபனேசர் எல்லா ஓட்டுநர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். இந்த வருஷம் காய் எடுப்பு தொடங்கும்போது ஆட்களை உட்கார வைத்தபடி ஏறுகிற வண்டிதான் வேண்டும். கட்டை தேவைப்படுகிற வண்டி வர வேண்டாம். ஜூன் மாதம் அவரே வந்து உட்கார்ந்து பார்ப்பாராம்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம்.

மே 1, வியாழன்

பட்டறை விடுமுறை. நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் தென்துருவத்துக்கு நடந்து போனவர்களின் நாட்குறிப்புகள். அவர்கள் எப்போதும் முதலில் குளிர் எவ்வளவு என்று எழுதுகிறார்கள். பிறகு காற்று, பிறகு பிஸ்கட். யாருக்காவது கால் அழுகிக்கொண்டிருந்தால் அது கடைசி வரியில் வருகிறது. எனக்கு அந்த முறை பிடித்திருக்கிறது.

இன்று வெயில் அதிகம். இட்லி. துணி துவைத்தேன். அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டேன். தை மாதத்திலிருந்து நான்தான் பின்னுகிறேன். சோம்பலாக இருக்கிறது பாப்பா என்று சீப்பை நீட்டுகிறாள். மேல் அலமாரியில் இருந்த மிளகாய்த்தூள் டப்பாவையும் கீழே வைத்துவிட்டாள், எடுக்க வசதியாம்.

அம்மாவும் ஒரு காலத்தில் அதே ஏற்றத்தில் கட்டை தூக்கி நடந்தவள். சக்கரத்துக்குப் பின்னால் நின்றே ஓட்டக் கற்றுக்கொண்டதாகப் பெருமையடிப்பாள். "முன்னாடி உக்காந்திருக்கவனுக்கு ரோடுதான் தெரியும். பின்னாடி நடக்குறவளுக்குத்தான் வண்டி தெரியும்." அப்பா வேறு குடும்பத்தோடு கம்பத்தில் இருக்கிறார். அவரைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இந்த ஜீப்பை அவர் போன பிறகுதான் அம்மா வாங்கினாள்.

மதியம் முழுக்க ஒரே யோசனை. கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ். ஜீப் ஸ்டாண்டில் ரெண்டாம் பெட்டி என்பார்கள். எஞ்சினின் பலத்தை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பதும், லோ போட்டால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதும் அதுதான். நம் வண்டியில் தேய்ந்திருப்பதும் அதுதான்.

மே 4, ஞாயிறு

ஹக்கீம் அண்ணனிடம் சொன்னேன். அவருடைய லேத் பட்டறையில்தான் டிப்ளமோ முடித்ததிலிருந்து வேலை செய்கிறேன். பழைய பெட்டியைப் பழுது பார்த்தாலும் அடுத்த மழைக்குள் கழன்றுவிடும் என்பது இருவருக்கும் தெரியும். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் காட்டு ஓட்டப் பந்தய வண்டிகளுக்கென்று தனியாக ஒரு பெட்டி செய்கிறார்கள். பழையதில் லோ போட்டால் உள்ளே வருகிற தண்டு இரண்டரைச் சுற்று சுற்றும்போது வெளியே போகிற தண்டு ஒரு சுற்று. புதியதில் நான்கு சுற்றுக்கு ஒன்று. வண்டி ஆமை மாதிரி போகும். ஆனால் நிற்காது.

அண்ணன் வெகுநேரம் காது குடைந்தார். அது நம் வண்டிக்கென்று செய்ததல்ல, எதுவும் எதோடும் பொருந்தாது, தட்டு அடிக்க வேண்டும், ஷாஃப்ட் வெட்ட வேண்டும், லிவருக்கு ஓட்டை போட வேண்டும் என்று அடுக்கினார். எல்லாம் நான் செய்கிறேன் என்றேன்.

"நீ செஞ்சா நான் என்னம்மா செய்யிறது?"

"தூக்கும்போது ஒரு பக்கம் பிடிங்கண்ணே."

கோயம்புத்தூரில் மேற்படிப்புக்கென்று சேர்த்து வைத்திருந்ததிலிருந்து பெட்டிக்குப் பணம் அனுப்பிவிட்டேன். கல்லூரி எங்கேயும் ஓடிப் போகாது. கோயம்புத்தூருக்கு நான் போகாவிட்டாலும் அங்கிருந்து ஏதோ ஒன்று வருகிறது.

மே 12, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. மரச்சட்டத்தில் வைக்கோல் சுற்றி, லாரி ஆபீஸிலிருந்து ஆட்டோவில். பிரித்ததும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார். அலுமினிய வார்ப்பு. மணல் பட்ட மேல்தோல் சொரசொரப்பு, இணையும் முகங்கள் மட்டும் கண்ணாடி. தண்டைக் கையால் திருப்பினேன். கனமாக, சத்தமில்லாமல், எண்ணெயில் நனைந்த பட்டு மாதிரி சுற்றியது.

அம்மா சுற்றி வந்து பார்த்தாள். விலை கேட்கவில்லை. எதிலிருந்து எடுத்தாய் என்று மட்டும் கேட்டாள். சேர்த்து வைத்தது என்றேன். டீ வாங்கி வருகிறேன் என்று போனாள். டீ வர வெகுநேரம் ஆயிற்று.

மே 14, புதன்

இன்றிலிருந்து வண்டி பட்டறையில். களையெடுப்புக் காலம் என்பதால் ஆள் குறைவு. அம்மாவின் வண்டியில் வருகிற பெண்கள் வேறு வண்டிகளில் பிரிந்து போகிறார்கள். அம்மாவும் ஏதோ ஒரு வண்டியில் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். வீட்டில் உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடுமாம்.

வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளம் பட்டறையில் கிடையாது. நான்கு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கருங்கல் முட்டுக் கொடுத்தோம். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. கீழே சாக்கு விரித்துப் படுத்தேன். பழைய எண்ணெய் முதலில் வந்தது, பிறகு அதன் அடியில் இரும்புத் துகள், பொன் பொடி போல.

பழைய பெட்டியைத் திறந்து பார்த்தோம். லோ கியரின் பற்கள் ஒரு பக்கம் மழுங்கிச் சரிந்திருந்தன, ஒன்று உடைந்தே விழுந்திருந்தது. அண்ணன் விரலால் தடவிவிட்டு, இதை ஒரு பொம்பளை கையால் பிடித்தே ஏற்றிக்கொண்டிருந்தாளா என்றார். அந்த உடைந்த பல்லை எடுத்து என் டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

மே 17, சனி

அடாப்டர் தட்டு. கியர் பெட்டியின் போல்ட் ஓட்டைகளும் புதுப் பெட்டியின் ஓட்டைகளும் ஒன்றோடொன்று பேசவே பேசாது. நடுவில் மொழிபெயர்ப்பாளன் மாதிரி ஒரு கனத்த எஃகுத் தட்டு வேண்டும். இந்தப் பக்கம் இவன் ஓட்டைகள், அந்தப் பக்கம் அவன் ஓட்டைகள், மையம் இரண்டுக்கும் ஒன்று. மையம் ஒரு மயிரிழை தப்பினாலும் உள்ளே தண்டு உரசி பேரிங் போய்விடும்.

காலை லேத்தில் ஏற்றி, சாயங்காலம் இறக்கினேன். இரண்டு பெட்டியையும் தட்டோடு சேர்த்துவிட்டுத் தண்டைச் சுற்றினேன். இரண்டு விரலால் சுற்றியது.

இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். அந்தத் தட்டு நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருக்கிறது.

மே 19, திங்கள்

போல்ட் இறுக்கியது. கை கருப்பு. புத்தகத்தைத் தொடவில்லை.

மே 21, புதன்

ஸ்டாண்டிலிருந்து நாலைந்து ஓட்டுநர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஜீப்பக்கா வண்டிக்கு இடுப்பு மாற்றுகிறார்களாமே என்று ஒருவர் (ஸ்டாண்டில் அம்மாவுக்கு அதுதான் பெயர்). மாற்றின இடுப்பு நிற்குமா என்று இன்னொருவர். நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். என் செருப்பு மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். யார் வேலை என்று கேட்டதற்கு ஹக்கீம் அண்ணன், நம்ம பட்டறை வேலைதான் என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பட்டறை அவருடையதுதான். பெயர் எழுதிக்கொள்ள இது கோயில் டியூப் லைட் அல்ல. எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. சாப்பாட்டு டப்பாவை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போய் அப்படியே வைத்துவிட்டேன், பசியில்லை, அவ்வளவுதான்.

மே 23, வெள்ளி

புதுப் பெட்டி பழையதைவிட நீளம். அதனால் அதிலிருந்து பின் அச்சுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டும், முன்பக்க ஷாஃப்ட்டை நீட்ட வேண்டும். இரண்டையும் வண்டிக்கு அடியில் படுத்து நானே டேப் வைத்து அளந்தேன். வெட்டி, ஒட்டி, லேத்தில் ஓட்டி நேர் பார்த்து மாட்டியாயிற்று. லிவருக்குத் தரையில் புது வாய் வெட்டினேன். நாளை மறுநாள் வண்டி தரையில் இறங்கும்.

அம்மாவிடம் சொன்னேன். அப்படியா என்றாள். அடுத்த அறைக்குப் போய்த் தன் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டாள். அந்தச் சட்டையை அவள் இதற்கு முன் இஸ்திரி போட்டு நான் பார்த்ததில்லை.

மே 25, ஞாயிறு

தோற்றுவிட்டது.

மலையடிவாரத்து முந்தல் வரை நானும் அண்ணனும் ஓட்டிப் போனோம். காலி வண்டியில் பரவாயில்லை, பூனை மாதிரிப் போயிற்று. திரும்பும்போது ஒரு செங்கல் சூளையில் அண்ணனுக்குத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டோம். முதல் பள்ளத்திலேயே அடியில் சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் இன்னொன்று. இறங்கிப் பார்த்தால் புதுப் பெட்டியின் பின்பக்க ஆயில் சீல் பிதுங்கி எண்ணெய் சொட்டியது.

வீட்டில் அம்மா காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றிருந்தாள்.

மே 26, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. வெயில்.

மே 27, செவ்வாய்

ஷாஃப்ட்டைக் கழற்றினேன். அதன் ஒரு முனையில் உள்ளே வெளியே நழுவுகிற பல் இணைப்பு இருக்கிறது. அச்சு மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்ட் நீண்டு சுருங்குவதற்காக. அதில் பூசியிருந்த கிரீஸ் கடைசி நூல் வரைக்கும் வழித்துத் துடைக்கப்பட்டிருந்தது. அதாவது சுருங்க இடமே இல்லாமல் முட்டியிருக்கிறது. முட்டியது பெட்டியின் மேல் போய் இடித்திருக்கிறது.

ஷாஃப்ட் நீளம். என் அளவு தப்பு.

ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க மதியம் வரை ஆயிற்று. நான் அளந்தபோது வண்டி கல் முட்டின் மேல் இருந்தது. சக்கரங்கள் தொங்கின. அச்சு கீழே இறங்கி, தூரம் கூடியிருந்தது. தரையில் இறக்கி, ஆட்கள் ஏறினால் அச்சின் மேல் இருக்கிற வில் பட்டைகள் அமுங்கி அச்சு மேலே வரும், தூரம் குறையும். வண்டி வாழ்நாளில் ஒருபோதும் இருக்காத நிலையில் வைத்து வண்டியை அளந்திருக்கிறேன். கல்லின் மேல் தூக்கி வைப்பது எங்கள் பட்டறையின் வழக்கம். கிளட்ச் கழற்ற அது சரி. இதற்குச் சரியில்லை.

அண்ணன் பார்த்துவிட்டு, நானும்தானே பக்கத்தில் நின்றேன் என்றார். தன் மேல் பாதியை எடுத்துக்கொள்ளும் நல்ல மனசு. ஆனால் டேப் என் கையில் இருந்தது.

மே 28, புதன்

ஒச்சம்மா அத்தை பட்டறைக்கு வந்தாள். நகம் புதிதாக முளைத்திருப்பதைக் காட்ட வந்தேன் என்றாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே, உங்கம்மா சொன்னாளா என்றாள். எதை என்றேன்.

இந்த இரண்டு வாரமும் அம்மா இன்னொரு ஜீப்பில் போகிறாள். அதற்கும் கட்டை வேண்டும். முதல்நாள் அந்த ஓட்டுநர், ஜீப்பக்கா, உங்களுக்குத்தான் பழக்கம் இருக்கே என்று சிரித்துக்கொண்டே கட்டையை நீட்டினானாம். அம்மா வாங்கிக்கொண்டாளாம். தினமும் அம்மாதான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடக்கிறாள். வலது கையில் மட்டும் தூக்கிக்கொண்டு. லிவர் பிடித்த இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லையாம்.

"ஒரு வார்த்தை பேசலத்தா. பேசியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்."

அத்தை போனபின் பழைய பெட்டியின் உடைந்த பல்லை எடுத்துப் பார்த்தேன். திரும்ப டப்பாவில் போட்டேன். சாயங்காலம் தக்காளி, வெங்காயம், அரைக்கிலோ ரவை வாங்கினேன். ஆயில் சீல் மதுரையிலிருந்து வர வேண்டும்.

மே 30, வெள்ளி

வண்டியைக் காலியாகத் தரையில் வைத்து அளக்கலாம். மணல் மூட்டை ஏற்றி அளக்கலாம். அண்ணன் மூட்டை என்றார். ஆனால் மூட்டை எங்கே வைத்தாலும் அங்கேயே இருக்கும். இந்த வண்டியில் யார் எங்கே உட்காருவார்கள் என்று பல வருஷமாக முடிவாகியிருக்கிறது. இடது பெஞ்சில் கனமானவர்கள். அந்தப் பக்கம் பட்டை அதிகமாக அமுங்கியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இந்த வண்டி சுமக்கப் போவது மணலை அல்ல.

அம்மாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட முடியுமா என்று. எதுக்கு என்றாள். உட்காருவதற்கு என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

வந்தார்கள். அம்மாவோடு பதினோரு பேர். குளித்து, பூ வைத்து, கல்யாணத்துக்கு வருவது போல. ஒருத்தி முறுக்கு கொண்டுவந்தாள். தோட்டத்துக்குக் கொண்டுபோகிற பொருளெல்லாம் எடுத்துவரச் சொல்லியிருந்ததால் காலித் தூக்குவாளிகளில் தண்ணீர் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒச்சம்மா அத்தை பலாக் கட்டையோடு பின்வாசலை ஒட்டி, குதிக்கத் தோதாக, அவள் இடத்தில்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்துவிட்டு நான் சாக்கை விரித்துப் படுத்தேன். இதுவரை பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்வது நான் என்பதே தெரியாது. தலைக்கு மேலே தகரம் முனகியது. பட்டைகள் அமுங்கின. அச்சு மெல்ல மேலே வந்தது, இரண்டு விரல்கடை அளவுக்கு. நான் தப்பாக அளந்த தூரம் அப்படியே கண் முன்னால் சுருங்கியது.

"ஏத்தா கௌமாரி, மூச்சு விடலாமா? அளவு மாறிருமா?"

அது ஒச்சம்மா அத்தை. விடலாம், சிரிக்கத்தான் கூடாது என்றேன். அதைக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். வண்டி குலுங்கி என் டேப் நழுவியது. இன்னொருத்தி குரல்: "மேல இருந்து பாத்தா காலு மட்டுந்தான் தெரியுது. பொண்ணு பாக்க வந்தா இப்படியே படுக்க வச்சிரலாம், மூஞ்சி பாக்குற செலவு மிச்சம்." அவளுடைய கனத்தைப் பற்றி இன்னொருத்தி ஏதோ சொல்ல, முறுக்கு பறிமுதல் செய்யப்பட்டது.

எல்லாரும் ஒருமுறை இடது பக்கம் சாயுங்கள் என்றேன். சாய்ந்தார்கள். வலது பக்கம். சாய்ந்தார்கள். ஒவ்வொரு நிலைக்கும் தூரத்தை ஷாஃப்ட் குழாயின் மேலேயே சாக்பீஸால் கோடு போட்டேன். எத்தனையோ நூலகப் புத்தகங்களில் உலகத்தை அளந்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். மலையை, கடலை, தீர்க்கரேகையை. தங்களுக்கு மேலே பதினோரு பெண்கள் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்க அளந்தவர் அவர்களில் யாரும் இல்லை.

அப்போது ஒன்றைப் பார்த்தேன். லிவருக்கு வெட்டிய வாயில் இன்னும் உறை போடவில்லை. அந்த ஓட்டை வழியாக மேலே அம்மாவின் இடது கை தெரிந்தது. வண்டி நிற்கிறது. எஞ்சின் ஓடவில்லை. எப்போதும் போல உட்கார் என்று நான் சொன்னதால் எப்போதும் போல உட்கார்ந்திருந்தாள். கை லிவரை அழுத்திப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

கண்ணில் தூசி விழுந்தது. வண்டிக்கு அடியில் அது சகஜம்.

ஜூன் 4, புதன்

இரண்டு ஷாஃப்ட்டும் புதிய அளவில். நழுவும் பல்லில் கிரீஸ் பூசி, அதே ஆட்களில் பாதிப் பேரை ஏற்றி, வண்டியைப் பள்ளம் பார்த்து இறக்கினோம். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் நடுவில் மட்டும் துடைபட்டு இரு பக்கமும் மிச்சம் இருந்தது. அண்ணன் போய் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிவந்தார். அவர் பட்டறையில் யாருக்கும் ரோஸ்மில்க் வாங்கித் தந்ததாக வரலாறு இல்லை.

ஜூன் 6, வெள்ளி

மலைமேல் மழை தொடங்கிவிட்டது. பாறை வழுக்கும். எபனேசர் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். காய்ந்த நாளாகப் பார்க்கலாமே என்று ஸ்டாண்டில் அம்மாவிடம் சொன்னார்களாம். காய் எடுப்பு மழையில்தானே என்றாளாம் அம்மா.

ஜூன் 9, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும்.

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். அம்மா ஓட்ட, பக்கத்தில் எபனேசர் குடையை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு. பின்னால் பெண்கள் அவரவர் இடத்தில். நான் பின்வாசலை ஒட்டியிருந்த ஒச்சம்மா அத்தைக்கு உள்பக்கமாக ஒடுங்கிக்கொண்டேன். கட்டை அத்தையின் மடியில்.

ஏற்றத்தின் அடியில் வேறு இரண்டு ஜீப்புகள் நின்றிருந்தன. ஆட்கள் இறங்கி மழையில் முக்காடு போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியும் நின்றது. நின்றதும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பல வருஷப் பழக்கம், யாரும் யோசிக்கவில்லை. அத்தையின் ஒரு கால் ஏற்கெனவே வெளியே இருந்தது.

"உக்காருங்க. யாரும் இறங்க வேணாம்" என்றாள் அம்மா.

உட்கார்ந்தார்கள். அம்மா ஃபோர் வீல் போட்டாள், பிறகு லோ. இடது கை லிவரின் மேல் போய் உட்கார்ந்தது. கிளட்ச்சை விட்டாள்.

எதுவும் நடக்காதது போலத்தான் இருந்தது. பாய்ச்சல் இல்லை, உறுமல் இல்லை. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. எஞ்சின் ஒரே சுருதியில் மாவு அரைப்பது போல ஓடியது. அவ்வளவு மெதுவாக, மழையில் நடந்துகொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கடந்தோம். முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிக் கடந்தோம். நான் அடியில் இருந்து வரக்கூடிய சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் பாறையில் பின்சக்கரம் இறங்கி ஏறியது. பட்டைகள் அமுங்கின. இடிக்கவில்லை.

ஏப்ரலில் உருண்ட இடம் வந்தது. பாதைக்கு மேல் தண்ணீர் ஓடியது. ஒச்சம்மா அத்தை கட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். முன்சக்கரம் வழுக்கி, பிடித்துக்கொண்டது. வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு ஏறியது.

எபனேசர் வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "ஹக்கீம் பாய் நல்லாத்தான் மாட்டியிருக்காரு, என்னம்மா?"

ஏற்றம் இன்னும் பாக்கி இருந்தது. பின்னால் இருந்து எனக்கு அவள் இடது தோளும் முழங்கையும்தான் தெரிந்தன. அந்தக் கை லிவரை விட்டு எழுந்தது. முதலில் ஒரு விரல்கடை மேலே, தொடாமல், அப்படியே நின்றது. லிவர் அசையவில்லை. பிறகு கை மொத்தமாக எழுந்தது. சரிவின் நடுவில், அத்தனை பேரையும் சுமந்துகொண்டு, அம்மா திரும்பிப் பார்க்காமல் கட்டைவிரலால் பின்னால் என்னைக் காட்டினாள்.

"எம் மக மாட்டுனது."

அந்தக் கை உச்சி வரைக்கும் லிவருக்குத் திரும்பவில்லை. ஸ்டியரிங்கில் வலது கைக்குப் பக்கத்தில் போய், என்ன செய்வதென்று தெரியாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

மேலே போய் நின்றதும் எபனேசர் இறங்கினார். குடையை விரித்தபடி, காய் எடுப்புக்கு இந்த வண்டி முதலில் வரட்டும் என்றார். பிறகு என் பக்கம் வந்து, தோட்டத்து வண்டியிலும் இதே மாதிரி ஒரு பெட்டி மாட்ட முடியுமா என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். உள்ளுக்குள் எப்படி இருந்தது என்பதை எழுதப் போவதில்லை.

ஒச்சம்மா அத்தை கட்டையை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினாள். அது காய்ந்தே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

ஸ்டாண்டில் யாரோ கேட்டதற்கு ஹக்கீம் அண்ணன், அது எங்க கௌமாரி வேலை, பட்டறை வாடகை மட்டுந்தான் என்னோடது என்றாராம். அண்ணன் சொன்னதை ஒச்சம்மா அத்தை சொன்னாள். அத்தை கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். பரவாயில்லை, இதை முழுசாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

மழை. பருப்பு ரசம். புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

மிளகாய்த்தூள் டப்பா மேல் அலமாரிக்குப் போயிருக்கிறது. நான் வைக்கவில்லை.

காலையில் அம்மா கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் தலைக்குப் பின்னால். பாதிப் பின்னலில் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துவிட்டாள். முடிந்திருக்கும், முக்கால்வாசி முடிந்தேவிட்டது. ஆனாலும் பின்னியதை விரலால் கோதி அவிழ்த்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்து, இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாகச் சீப்பை நீட்டினாள்.

"சோம்பலா இருக்கு, பாப்பா."